ஏழாம் சுற்றுப் பையனுக்கு எழுபத்தொரு புள்ளி

அந்தப் பையனுக்கு நான் எழுபத்தொரு புள்ளி போட்டது அவனுடைய விளையாட்டுக்கா, அல்லது அவனுடைய வீடியோ கசெற் மற்றவர்களுடையதைவிடத் தெளிவாக இருந்ததற்கா? ஒரு வருஷமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். பாத்திரம் கழுவும்போது வருகிறது. மகளுக்குக் குளிர்ச் சட்டை மாட்டும்போது வருகிறது. விடை மட்டும் வரவில்லை.

முதலில் நான் பார்த்த வேலையைச் சொல்லவேண்டும். ரொறன்ரோவை ஒட்டிய மார்க்கம் என்ற ஊரில், ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில் இரண்டு அறைகள் கொண்ட ஒஃபிஸ். அங்கிருந்து ஒரு சிறு பத்திரிகை வருகிறது. கடையில் கிடைக்காது, சந்தா கட்டியவர்களுக்குத் தபாலில் போகும். ஏரிக்கு அப்பால், அமெரிக்கக் கரையில் இருக்கும் ஒரு புட்போல் அணியைப் பற்றி மட்டும்தான் அதில் எழுதுவார்கள். நாங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் பார்த்த உதைபந்தாட்டம் அல்ல இது. தலைக்கவசம் மாட்டி, தோளுக்குள் பலகை செருகியது போல உடுத்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்களே, அந்த விளையாட்டு. ரொறன்ரோவில் அந்த அணிக்கு இத்தனை பைத்தியங்கள் இருப்பது அங்கே வேலைக்குப் போகும்வரை எனக்குத் தெரியாது.

நான் அங்கே தட்டச்சு செய்தேன். வேலை ஏஜென்சி அனுப்பி ஜனவரியில் போய்ச் சேர்ந்தேன். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் கணிதம் படிப்பித்தவள். தாள் திருத்துவதில் எனக்குக் கொஞ்சம் நல்ல பெயர் இருந்தது. கனடா வந்த பிறகு எவரும் என்னிடம் எதைப் பற்றியும் "இது நல்லதா, கூடாதா?" என்று கேட்டதில்லை. மற்றவர்கள் முடிவு செய்ததை அடித்துக் கொடுப்பேன். பிழையில்லாமல் அடிப்பேன். அவ்வளவுதான்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் அமெரிக்காவின் தொழில்முறை அணிகள் முறை வைத்து, பல்கலைக்கழகங்களில் விளையாடி முடித்த பையன்களை ஒவ்வொருவராகத் தெரிவு செய்யும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். மொத்தம் ஏழு சுற்று. முதலாம் சுற்றில் எடுபடுகிறவனுக்கு அன்றைக்கே கமெராக்கள் சூழ்ந்துவிடும். ஏழாம் சுற்றுக்காரனின் பெயர் வாசிக்கப்படும்போது பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பாதிப் பேர் எழும்பிப் போயிருப்பார்கள். எங்கள் பத்திரிகை வருஷத்துக்கு ஒருமுறை, தெரிவு முடிந்த கையோடு, அணி புதிதாக எடுத்த பையன்கள் எல்லாருக்கும் நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போட்டு ஒரு சிறப்பிதழ் வெளியிடும். சந்தாக்காரர்கள் அதற்காகத்தான் சந்தா கட்டுகிறார்கள் என்று முதலாளி சொல்வார்.

போன வருஷம் அணி எட்டுப் பேரை எடுத்தது. புள்ளி போடுகிறவர் ஜன்னலோரக் கதிரையில் இருக்கும் ஒரு மனுஷர். சரியாகத் தெரிவு முடிந்து வந்த திங்கட்கிழமை அவருக்குப் பிள்ளைகளிடமிருந்து அம்மை தொற்றிவிட்டது. முதலாளி தலையில் கைவைத்தபடி ஒஃபிஸுக்குள் நடந்தார். பிறகு என் மேசையருகே நின்றார்.

"நீங்கள் கணக்கு ரீச்சர்தானே? நாலு மாதமாக என் குறிப்புகளை அடிக்கிறீர்கள். பந்து எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதாவது தெரிந்திருக்குமே?"

"தெரியும்," என்றேன். பாதிதான் உண்மை.

"கசெற்றுகளை வீட்டுக்குக் கொண்டு போங்கள். பார்த்துவிட்டுப் புள்ளி போடுங்கள். எப்படியும் அவர் இந்தக் கோடையில் மேற்கே போகப்போகிறார். இதை ஒழுங்காகச் செய்தால் அந்தக் கதிரை உங்களுக்கு."

"எப்படிப் புள்ளி போடுவது?"

"நூற்றுக்கு. பள்ளிக்கூடத்தில் போடுவது போல."

எங்கள் வீடு இருக்கும் மில்லிக்கன் பக்கம் போகும் பஸ்ஸில் கசெற் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அந்தக் கதிரை எனக்கு வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. அடுத்த நிறுத்தத்தில், மழையில் கசெற் நனைந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். அதற்கடுத்த நிறுத்தத்தில், அவர் விளையாட்டுக்குச் சொன்னாரோ என்று யோசித்தேன்.

என் கணவர் ஒரு தொழிற்சாலையில் பின்னேர ஷிஃப்ட். காலையில் வீட்டில் இருப்பார். பையைக் கண்டவுடன் சிரித்தார்.

"உமக்கென்ன விசரே? கிரிக்கெட்டில எல்.பி.டபிள்யூ எண்டா என்னெண்டு கலியாணத்துக்குப் பிறகு கேட்ட ஆள் நீர்."

"அது நீங்கள் ஒழுங்காச் சொல்லித் தரேல்லை."

"இப்ப இவங்களுக்கு நீரே மார்க்ஸ் போடப்போறீர்? பாவம் பெடியங்கள்."

அடுத்த நாள் காலை முதல் கசெற்றை வீடியோ டெக்கில் போட்டேன். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. அவளை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையில் ஒரு கொப்பி. முதல் அரை மணித்தியாலம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருபத்திரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள், எழும்புகிறார்கள், திரும்பவும் விழுகிறார்கள். முதலாளிக்கு ஃபோன் எடுத்து முடியாது என்று சொல்ல எழும்பினேன். எழும்பும்போதுதான் தோன்றியது: நான் ஏன் பந்தைப் பார்க்கிறேன்? தாள் திருத்தும்போது விடையை மட்டுமா பார்ப்பேன்?

கணிதத் தாள் திருத்தியவர்களுக்குத் தெரியும். விடைக்கு ஒரு புள்ளி. மிச்சமெல்லாம் வழிக்கு. கடைசி வரியில் கூட்டல் பிழைத்த பிள்ளைக்கு ஐந்துக்கு நாலு கிடைக்கும். பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து விடை மட்டும் எழுதியவளுக்கு ஒன்றுதான். நான் கொப்பியில் கோடு போட்டு ஒரு புள்ளித்திட்டம் எழுதினேன். ஒவ்வொரு ஆட்டத்துண்டுக்கும் நாலு புள்ளி. நேரத்துக்குத் தொடங்கினானா, ஒன்று. சரியான இடத்துக்குப் போனானா, ஒன்று. கடைசிவரை விடாமல் நின்றானா, ஒன்று. விழுந்தபின் எழும்பி அடுத்ததற்குப் போனானா, ஒன்று. பந்து யார் கையில் இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. நான் சட்டையில் உள்ள ஒரு இலக்கத்தை மட்டும் பார்ப்பேன்.

அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு மறந்தது.

முதலாம் சுற்றில் எடுபட்டவன் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கிறவன். பந்து அவனிடம் வந்தால் மானைப் போலப் பாய்வான், பார்க்கக் கண் கொள்ளாது. பந்து வேறு பக்கம் போனால், படத்தின் ஓரத்தில் தெரிந்தவரை, நடப்பான். இடுப்பில் கைவைத்து நிற்பான். நாலுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று, நாலுக்கு நாலு, நாலுக்கு ஒன்று. கூட்டிப் பார்த்து நூற்றுக்கு மாற்றினேன். ஐம்பத்திரண்டு.

எட்டாவது கசெற் ஏழாம் சுற்றுக்காரனுடையது. பெயர் கேள்விப்படாத ஒரு சின்னக் கல்லூரி. மற்ற ஏழு கசெற்றும் தொலைக்காட்சியிலிருந்து பதிந்தவை. அந்தக் கமெரா பந்தைத் துரத்திக்கொண்டே போகும். இது அப்படியில்லை. எவரோ பார்வையாளர் பகுதியின் உச்சியில் ஒரே ஒரு கமெராவை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். குரல் இல்லை, கிட்டத்துப் படம் இல்லை. ஆனால் இருபத்திரண்டு பேரும் முழுநேரமும் தெரிந்தார்கள், பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நிற்கும்போது எல்லா வாங்குகளும் தெரிவது போல.

அந்தப் பையன் முன்வரிசையில் நிற்பவன். பந்தை எறிகிறவனை எதிராளி வந்து விழுத்தாமல் மறிப்பதுதான் அவன் வேலை. பந்தை அவன் தொடவே மாட்டான். அறுபத்தெட்டாம் இலக்கம். ஒரு தடவை மறித்து முடித்து, விழுந்து, எழும்பி, மைதானத்தின் மற்றக் கரைவரை ஓடி, அங்கே கிடந்த தன் அணிக்காரனைக் கைகொடுத்துத் தூக்கினான். பந்து அப்போது வெளியே போய் எத்தனையோ விநாடி ஆகியிருந்தது. அவனை எவரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். சத்தமாக "நாலு!" என்றேன். மகளும் "நாலு!" என்றாள்.

யாழ்ப்பாணத்தில் முக்கியமான தாள்களை இருவர் தனித்தனியாகத் திருத்துவோம். இரண்டாமவர் முதலாமவரின் புள்ளியைப் பார்க்கக்கூடாது. அதே முறைக்குக் கணவரிடம் பச்சைப் பேனை கொடுத்து, பத்து ஆட்டத்துண்டுகளைப் பார்க்கச் சொன்னேன்.

"பந்து அங்கால போகுது, நீர் ஏன் உதில உந்தத் தடியனைப் பாக்கிறீர்?"

"நீங்களும் உந்தத் தடியனை மட்டும் பாருங்கோ. கதைக்காமல் போடுங்கோ."

பச்சைப் பேனையால் நாலைந்து புள்ளி போட்டார். பிறகு அவரும் முன்னுக்குச் சாய்ந்தார். "இஞ்சரும், உவன் விடுறானில்லையப்பா," என்றார். அவருடைய பத்தும் என்னுடைய பத்தும் இரண்டு புள்ளி வித்தியாசம். எனக்குப் போதும். எழுபத்தொன்று என்று எழுதிச் சிவப்பால் வட்டம் போட்டேன்.

போன வருஷத்துச் சிறப்பிதழ் ஒஃபிஸ் அலுமாரியில் இருந்தது. எடுத்துப் பார்த்திருக்கலாம். நான் பார்க்கவில்லை. மற்றவர் போட்ட புள்ளியைப் பார்த்துவிட்டு நான் போடுவது நேர்மையில்லை என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை முதலாளி புதுப் பையன்களின் பயிற்சி முகாமைப் பார்க்க ஏரிக்கு அப்பால் போய்விட்டார். பக்கத்தை நானே அடித்து, அச்சகத்துக்குக் கொண்டு போனேன். அச்சகம் நடத்துபவர் எங்கள் ஊர்ப்பக்கத்து அண்ணை. இந்த நாட்டுக்கு வந்து பத்து வருஷம். அந்த அணி தோற்றால் அன்றைக்கு எவருடனும் கதைக்க மாட்டார். பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.

"எழுபத்தொண்டோ! கடைசியா எடுத்தவனுக்கோ! தங்கச்சி, உவன் அவ்வளவு கெட்டிக்காரனே?"

"கூடிப்போச்சோ அண்ணை?"

"இன்னும் நாலு குடுத்தா டி எல்லே! எனக்குக் கணக்கில வாழ்க்கையில நாப்பத்தெட்டுக்கு மேல ஒருத்தரும் தரேல்லை."

எங்கள் ஊரில் சாதாரண தரப் பரீட்சையில் எழுபத்தைந்து எடுத்தால் டி, அதுதான் உச்சி. ஐம்பது எடுத்தால் நல்ல பிள்ளை. முப்பத்தைந்துக்கு மேல் எடுத்தால் சித்தி, அதாவது பாஸ். எண்பது போடுகிற ஆசிரியரை நாங்கள் அள்ளிப் போடுகிறவர் என்று சொல்வோம். நான், என் கணவர், அச்சகத்து அண்ணை என்று மூன்று பேர் பார்த்தோம். எழுபத்தொன்று என்றால் என்ன என்பதில் மூவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. அண்ணை அன்றைக்கே அடித்து, அன்றைக்கே தபாலில் சேர்த்தார்.

செவ்வாய்க்கிழமை ஃபோன் அடிக்கத் தொடங்கியது.

அஜக்ஸிலிருந்து ஒரு வயதான மனுஷர் மூன்று தடவை எடுத்தார். எட்டுப் பேரும் பெயிலா, ஒருவன்கூடத் தேறமாட்டானா, எங்களுக்கு அணிமேல் என்ன கோபம் என்று கேட்டார். முதலாளி வந்து, இதழை விரித்து, என் மேசையில் வைத்தார்.

"முதலாம் சுற்றுக்காரனுக்கு ஐம்பத்திரண்டு. இங்கே ஐம்பத்திரண்டு என்றால் அவனுக்குச் சப்பாத்துக் கட்டத் தெரியாது என்று அர்த்தம்."

"ஐம்பத்திரண்டு திறமைச் சித்தி," என்றேன்.

"என் மகன் எழுபத்தொன்று வாங்கி வந்தால் நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய் ரீச்சரைப் பார்ப்பேன்!"

அப்போதுதான் விளங்கியது. அலுமாரியிலிருந்து பழைய இதழை எடுத்தார். எல்லாம் எண்பது, தொண்ணூறு. ஆகக் குறைந்தது எழுபத்திரண்டு. மன்னிப்புக் கேட்டேன். மகளைத் தூக்கிக்கொண்டுபோய் மேல்வீட்டு அன்ரியிடம் விட்டுவிட்டு இத்தனை நாள் எதற்கு இங்கே வந்தேன் என்று நினைத்தேன். பிறகு, எங்கிருந்து வந்த தைரியமோ, கொப்பியை எடுத்து அவர்முன் வைத்தேன். நாலு நாலாகப் பிரித்த கோடுகள், நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன எண்கள். அவர் நின்றபடியே வாசிக்கத் தொடங்கினார். இரண்டாம் பக்கத்தில் கதிரையை இழுத்து இருந்தார்.

"இதை யார் சொல்லித் தந்தது?"

"ஒருவரும் இல்லை. கணக்குத் தாள் இப்படித்தான் திருத்துவோம்."

"பந்து இல்லாதபோது அவன் நடக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள்."

"நடக்கிறான். எண்ணியிருக்கிறேன்."

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டோம்: எல்லாருக்கும் இருபத்தைந்து கூட்டவும். ஆனால் முதலாம் சுற்றுக்காரனை மேலே தூக்கிவிடலாம் என்று அவர் சொன்னார். வரிசையை மாற்றவேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் கொப்பியை மூடினார்.

"சரி. ஓகஸ்ட் கடைசியில் அணி ஆட்களைக் கழிக்கும். உங்களுடைய அறுபத்தெட்டாம் இலக்கம் நின்றால் கதிரை உங்களுக்கு. போனால், நீங்கள் தட்டச்சு செய்யலாம், நன்றாகத்தான் அடிக்கிறீர்கள்."

அந்தக் கோடை முழுவதும் எனக்கு இரண்டு கவலை. ஒன்று அவன். மற்றது மகள். கசெற் பார்த்த அந்த வாரத்திலிருந்து அவள் தலையைக் குனிந்து ஓடிவந்து சோபாவில் முட்டப் பழகியிருந்தாள். முட்டிவிட்டு "நாலு!" என்பாள். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் காட்டியிருக்கக்கூடாதோ என்று, அவளுக்கு ஊசி போடும் கிளினிக் தாதிக்கு ஃபோன் எடுத்துக் கேட்டேன். சோபா மெத்தென்று இருக்கிறதா என்று மட்டும் தாதி கேட்டாள்.

ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பருவம் தொடங்குவதற்கு முன் நடக்கும் வெள்ளோட்டப் போட்டி தொலைக்காட்சியில் வந்தது. அச்சகத்து அண்ணை ஒரு பை நிறைய மீன் ரோல்ஸுடன் வந்துவிட்டார். மூன்று பகுதி ஆட்டம் முடிந்தும் அறுபத்தெட்டு வெளியே வாங்கில்தான் இருந்தான்.

"தங்கச்சி, உங்கட டி-க்காரன் தண்ணிப் போத்தில் குடுக்கிறார்," என்றார் அண்ணை.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை."

நாலாம் பகுதியில் அவன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினான். நான் கொப்பியை எடுத்தேன். முதல் துண்டு, நாலுக்கு நாலு. இரண்டாவது, நாலுக்கு மூன்று. மூன்றாவதில் எதிராளி ஒருவன் அவனுடைய இடது தோளைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போனான். பந்து எறிகிறவனை நிலத்தோடு சாய்த்துவிட்டான். என் கணவர் "ஐயோ" என்றார். நான் ஒன்று என்று எழுதினேன். அடுத்த துண்டில் அதே எதிராளி அதே பக்கத்தால் வந்தான். அறுபத்தெட்டு முதலிலேயே காலை அந்தப் பக்கம் வைத்திருந்தான். மறித்தான். தள்ளிக்கொண்டே போனான். வரிசையைத் தாண்டி, கோட்டைத் தாண்டித் தள்ளிக்கொண்டே போனான்.

நான் எழும்பி நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. அண்ணை ரோல்ஸோடு எழும்பி நின்றார். மேல்வீட்டு அன்ரி கீழே இறங்கிவந்து, "என்ன, ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதோ?" என்று கேட்டார். பிழைத்த கணக்கைத் திரும்பச் செய்து சரியாக்கும் பிள்ளையை வகுப்பில் எத்தனை தரம் கண்டிருக்கிறேன்! அந்தச் சந்தோஷம் கனடாவில் எனக்குத் திரும்ப வந்தது அன்றைக்குத்தான்.

ஆட்களைக் கழித்த நாளன்று ஃபக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றேன். பட்டியல் வந்தது. முதலாளி விரலால் தடவிப் பார்த்தார். கழிக்கப்பட்டவர்களில் அவன் முதலில் இருந்தான். பிறகு, இரண்டாம் தாளில், பயிற்சிக் குழுவில் சேர்க்கப்பட்டவர்கள் என்று நாலைந்து பெயர். அதிலும் அவன் இருந்தான். அந்தக் குழுவில் உள்ளவன் வாரம் முழுவதும் அணியோடு பயிற்சி செய்வான், ஞாயிற்றுக்கிழமை விளையாட மாட்டான்.

"நின்றானா, போனானா?" என்று கேட்டேன்.

முதலாளி நெற்றியைச் சொறிந்தார். "இருபத்தைந்து வருஷமாக இந்த விளையாட்டைப் பார்க்கிறேன். எனக்கே தெரியவில்லை."

கதிரையைப் பற்றி அன்றைக்கு எவரும் கதைக்கவில்லை. ஜன்னலோரம் வெறுமையாகவே இருந்தது. அவன் பருவம் முடியும்வரை பயிற்சிக் குழுவில் நின்றான். ஐம்பத்திரண்டு வாங்கியவன் சில ஞாயிறுகளில் பாய்ந்தான், சில ஞாயிறுகளில் நடந்தான்.

இப்போது திரும்பவும் ஏப்ரல். போன கிழமை தெரிவு முடிந்தது. அணி ஏழு பேரை எடுத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை முதலாளி கசெற்றுகளை என் மேசையில் வைத்து, கதிரை எனக்குத்தான் என்று சொன்னார். புள்ளித்திட்டம் என்னுடையதாகவே இருக்கலாம். வரிசையையும் நானே தீர்மானிக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: எழுபதுக்குக் கீழே எவருக்கும் போடக்கூடாது. "சந்தாக்காரர்கள் ஏப்ரலில் நம்பிக்கையைத்தான் வாங்குகிறார்கள். தோல்வி அவர்களுக்கு டிசம்பரில் சும்மா கிடைக்கும்," என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும்.

கணவர் சொல்கிறார்: "இருபத்தைஞ்சைக் கூட்டிப் போட்டிட்டு இரும். ஆருக்கு என்ன நட்டம்?" அண்ணை சொல்கிறார்: "தங்கச்சி, பெயிலை பெயில் எண்டு போடாட்டி டிக்கு என்ன மரியாதை?" இருவர் சொல்வதும் சரியாகப் படுகிறது. எல்லாருக்கும் ஒரே அளவாகக் கூட்டினால் வரிசை கெடாது. அது எனக்குத் தெரிந்த கணக்கு. ஆனால் இந்த ஏழு பேரில் ஒருவனை நேற்றுக் காலை பார்த்துவிட்டேன். கொப்பியில் இருபத்தொன்பது என்று வந்திருக்கிறது. இருபத்தைந்தைக் கூட்டினாலும் ஐம்பத்துநாலுதான். எழுபதுக்குத் தூக்கினால், நேர்மையாக எழுபது எடுக்கப்போகிற வேறு ஒருவனுக்குப் பக்கத்தில் அவனும் போய் நிற்பான். அந்த வேறு ஒருவனும் கடைசிச் சுற்றில் எடுபட்ட, எவரும் பார்க்காத ஒரு பையனாக இருக்கலாம். கதிரை வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. நேற்று அந்த முதல் கசெற்றை டெக்கில் தள்ளும்போது என் விரல் எப்படித் துடித்தது என்று எனக்கல்லவா தெரியும்.

இதை வாசிப்பவர்களில் ஊரில் ரீச்சராக இருந்து, இங்கே வந்து வேறு அளவுகோல்களோடு வேலை செய்பவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். இருபத்தொன்பது எடுத்தவனுக்கு எழுபது போட்டுக்கொண்டு அந்தக் கதிரையில் இருக்கலாமா? அல்லது இருபத்தொன்பதையே எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் தட்டச்சுக்குப் போவதா? மூன்றாவதாக ஒரு வழி உங்களுக்குத் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். பதில் திங்கட்கிழமைக்குப் பிறகு வந்தாலும் பரவாயில்லை. அடுத்த ஏப்ரலிலும் எனக்கு அது தேவைப்படும்.